வோல்ட் எங்கே தொலைகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட்டைப் பற்றியவை. ரங்கூனோ பகோவோ மௌல்மீனோ, பர்மாவில் எந்த ஊராக இருந்தாலும் நம் வீடுகளில் சமையல், குளியல், படிப்பு எல்லாம் இப்போது மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்திய அடுத்த நொடி ஒருவர் மோட்டார் போட ஓடுகிறார், ஒருவர் அரிசி களைகிறார், ஒருவர் போனைச் செருகுகிறார். ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் பதிலை எல்லோரும் படித்துவிடுங்கள், மற்ற ஐந்துக்கும் அதுதான் அடிப்படை.

"சயா (ஆசிரியரே), வோல்ட் = ஆம்பியர் × ஓம் என்று மனப்பாடம் செய்து கணக்கும் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஆனால் வோல்ட் என்றால் என்ன என்று தங்கச்சி கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல்புக்குள் போகும் கரண்ட் அங்கேயே தீர்ந்துவிடுமா?" – பத்தாம் வகுப்பு மாணவி, பகோ

உன்னைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா, சொற்களே நம்மைக் குழப்புகின்றன. பர்மிய மொழியில் வோல்ட்டேஜுக்கு "போ ஆ" என்கிறோம், அந்த "ஆ" என்றால் பலம். போனுக்குச் சார்ஜ் போடுவதும் "ஆ த்வின்", அதாவது பலம் ஏற்றுவது. தமிழில் மின்னழுத்தம். ஒன்று பலம் என்கிறது, இன்னொன்று அழுத்தம் என்கிறது, இரண்டிலும் ஆற்றல் என்ற சொல் இல்லை. ஆனால் வோல்ட் என்பது ஆற்றலின் கணக்குதான். ஒரு கூலம் மின்னூட்டம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது, அதுதான் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள வோல்ட். 230 வோல்ட் என்றால் கூலத்துக்கு 230 ஜூல்.

கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள். மடப்பள்ளியிலிருந்து பந்திக்குப் பையன்கள் வரிசையாகச் சோற்று வாளி தூக்கி வருகிறார்கள், கொட்டிவிட்டு வெறும் வாளியோடு இன்னொரு வழியாகத் திரும்பிப் போகிறார்கள். நொடிக்கு எத்தனை பையன்கள் கடக்கிறார்கள் என்பது கரண்ட், அதாவது ஆம்பியர். ஒவ்வொரு வாளியிலும் எவ்வளவு சோறு என்பது வோல்ட். நொடிக்குப் பந்தியில் எவ்வளவு சோறு விழுகிறது என்பது இரண்டையும் பெருக்கி வருவது, அது வாட். பந்தி முடியும்போது மொத்தம் எவ்வளவு விழுந்தது என்பதுதான் ஆற்றல், நம் மீட்டர் எண்ணும் யூனிட்.

இப்போது உன் இரண்டாவது கேள்வியை நீயே பார். பந்திக்குள் பத்துப் பையன்கள் போனால் பத்துப் பேரும் வெளியே வருவார்கள், ஒருவரும் தொலைவதில்லை, தீர்ந்தது சோறுதான். பல்பிலும் அப்படித்தான். உள்ளே போகும் வயரில் அரை ஆம்பியர் என்றால் வெளியே வரும் வயரிலும் அரை ஆம்பியர், பல்பு எடுத்துக்கொண்டது ஆற்றலை மட்டும். இதை நம்பாமல் இரண்டு வயரிலும் தனித்தனியாக அம்மீட்டர் வைத்துப் பார்த்த மாணவர்களை எனக்குத் தெரியும், பார்த்த பிறகு அவர்கள் அதை மறக்கவே இல்லை.

மின்தடை என்பது வழியில் இருக்கும் நெரிசல். நெரிசல் அதிகமானால் நொடிக்குப் போகிற ஆட்கள் குறைவு. அதோடு, எங்கே நெரிசலோ அங்கே இடிபட்டுச் சோறு சிந்தும். வயரில் அந்தச் சிந்தல்தான் வெப்பம். இந்தச் சிந்தலை மட்டும் மனதில் வைத்துக்கொள், கீழே வருகிற எல்லாக் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

ஒரு இடத்தில் இந்த உவமை உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வயருக்குள் எலெக்ட்ரான்கள் வாளிப் பையன்கள் போல ஓடுவதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர் ஓடினால் எலெக்ட்ரான்கள் நகரும் தூரம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் சொச்சம், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்தில் அவை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. அப்புறம் எப்படிச் சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறது? வழி முழுக்க ஆட்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். ஆள் நகர்வது மெதுவாக, அசை என்ற செய்தி போவது மின்னல் வேகத்தில்.

"தம்பி, சாயங்காலம் கரண்ட் வந்தாலும் வோல்ட் மீட்டர் 160-தான் காட்டுகிறது. 230-இல் மூன்றில் ஒரு பங்குதானே குறைவு? ஆனால் அரிசி குக்கர் ஒரு மணி நேரமாகியும் கொதிக்கிறது. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற ஸ்டெப்-அப் பெட்டி வாங்கலாமா? பில் கூடுமா?" – ஒரு அக்கா, தாங்கள் தெருவின் கடைசி வீடு என்கிறார், பகோ

அக்கா, "தெருவின் கடைசி வீடு" என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் குக்கர். அதற்குள் இருப்பது ஒரு மின்தடைச் சுருள். 700 வாட் குக்கர் என்றால் சுமார் 76 ஓம். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடும், 700 வாட் சூடு வரும். 160 வோல்ட்டில் ஓடுவது 2.1 ஆம்பியர்தான். வாளியில் சோறும் குறைந்தது, வருகிற ஆளும் குறைந்தார், அதனால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது: 160 × 2.1, சுமார் 340 வாட். வோல்ட்டில் மூன்றில் ஒன்று போனால் சூட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதோடு முடியவில்லை. கொதிக்கிற பானை பக்கவாட்டிலும் மூடி வழியாகவும் சூட்டைக் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கும், அது ஒரு 100 வாட் என்று வைத்துக்கொண்டால் சோற்றுக்குக் கிடைப்பது முன்பு 600, இப்போது 240. ஆகவே இரண்டரை மடங்கு நேரம். உங்கள் ஒரு மணி நேரக் கணக்கு சரியாக இருக்கிறது.

பில்? மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, அதாவது வாட்டையும் நேரத்தையும் பெருக்கி. வாட் பாதி, நேரம் இரண்டரை மடங்கு, ஆக அதே சோற்றுக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனால் பெரிய தொகை இல்லை, அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

அந்த 70 வோல்ட் எங்கே போனது? டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு வரை வரும் கம்பிக்கும் தடை உண்டு. உதாரணத்துக்கு அது 0.7 ஓம் என்று வைப்போம். நள்ளிரவில் தெரு முழுக்கச் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் வழியில் சிந்துவது 7 வோல்ட், உங்களுக்கு 223 கிடைக்கும். "மீ லா பீ" சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டார், குக்கர், இன்வெர்ட்டர் பேட்டரிச் சார்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி 100 ஆம்பியர் ஆனால் 70 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்பி அதே கம்பி, தடை அதே தடை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் குறை தெரியாது, கடைசி வீட்டுக்குத்தான் எல்லார் இழுப்பும் சேர்ந்து வருகிறது.

ஸ்டெப்-அப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தமான கருத்துதான் இருக்கிறது. அது ஆற்றலை உண்டாக்காது. 160-ஐ 230 ஆக்கிக் குக்கருக்கு 700 வாட் கொடுக்க வேண்டுமானால் தெருக் கம்பியிலிருந்து 4.4 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்க வேண்டும், முன்பு இழுத்த 2.1 இருக்கிற இடத்தில். இரண்டு மடங்கு. கம்பியில் சிந்தல் இன்னும் கூடும், எதிர்வீட்டில் 160 இருந்தது 155 ஆகும், அவர்களும் ஒன்று வாங்குவார்கள், அப்புறம் 145. தெருவே இப்படிக் கீழே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் வாங்காதீர்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் குளிர்சாதனப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. குக்கருக்கு வோல்ட் குறைந்தால் சோறு தாமதம், அவ்வளவுதான், குக்கருக்கு ஒன்றும் ஆகாது. மோட்டார் உள்ள சாமான் அப்படியல்ல. குறைந்த வோல்ட்டில் கம்ப்ரசர் சுழல முடியாமல் நின்றபடியே அளவுக்கு மீறிய கரண்ட்டை இழுத்து, சுருள் கருகிவிடும். ஆகவே பிரிட்ஜுக்கு மட்டும், வோல்ட் குறைந்தாலும் கூடினாலும் தானாக வெட்டிவிட்டு, மறுபடி வந்ததும் மூன்று நான்கு நிமிடம் காத்திருந்து போடுகிற சேஃப்கார்டு ஒன்று வையுங்கள். குக்கருக்கு நான் சொல்வது வேறு: அரிசியை அரை மணி ஊறவைத்து, கரி அடுப்பில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோகவே மூன்று லட்சம் ஜூல் கிட்டத்தட்ட வேண்டும், 240 வாட்டில் அது இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடமும் உங்களுக்கு மிச்சம்.

"100 வாட் பழைய குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தேன், 40 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். மீட்டர் கெட்டுவிட்டதா, ஓம் விதி தப்பா?" – தொழிற்பயிற்சி மாணவர், மௌல்மீன்

இரண்டும் நல்லபடியாகத்தான் இருக்கின்றன தம்பி. நீங்கள் அளந்தது குளிர்ந்த பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது, அங்கே அதன் தடை பத்துப் பதிமூன்று மடங்கு ஏறிவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடுகிற நொடியில் ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்: அந்த முதல் நொடியில் 40 ஓம் தான், 230-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், அரை ஆம்பியர் ஓட வேண்டிய இழையில் கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர் பாயும். மெலிந்த இடம் இருந்தால் அங்கே அறுந்துவிடும்.

வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் ஓம் சொன்ன நேர்விகிதம் நிற்கும். கியோர்க் ஓம் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர். அவர் முதலில் சாதாரண மின்கலத்தை வைத்துத்தான் அளந்தார், ஆனால் கரண்ட் எடுக்க எடுக்க அதன் வோல்ட் விழுந்துகொண்டே போனதால் கணக்கு நிற்கவில்லை. பிறகு வேறொரு விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்த வெப்ப வித்தியாசம் சிறியதாக, ஆனால் அசையாத ஒரு வோல்ட்டைக் கொடுத்தது. 1827-இல் அவர் வெளியிட்ட விதிக்குப் பின்னால் இருப்பது கொதிநீரும் பனிக்கட்டியும். பாரம் ஏற்றினால் விழுகிற பேட்டரி அவரையும் விடவில்லை, கீழே தாட்டோன் அண்ணனையும் விடவில்லை.

"கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று 70 மீட்டர் தள்ளி வைத்தோம். ஜெனரேட்டரில் 230, பந்தலில் 197. போகஸ் லைட் மங்கல், ஆம்பிளிபயர் இரைச்சல். ஜெனரேட்டர்காரர் தன் மேல் தப்பில்லை என்கிறார்." – திருவிழாக் குழு இளைஞர்கள், மௌல்மீன்

அவர் சொல்வது உண்மை. தப்பு வயரில். நீங்கள் அனுப்பிய வயர்த் துண்டு ஒரு சதுர மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு 18 ஓம். 70 மீட்டர் என்று எண்ணாதீர்கள், போகவும் வரவும் 140 மீட்டர், ஆக இரண்டரை ஓம். நீங்கள் எழுதிய விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்த்து 3,000 வாட், 13 ஆம்பியர். 13 × 2.5, முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வோல்ட் வழியிலேயே போச்சு. 230-இல் கழித்தால் உங்கள் 197. இவ்வளவு சரியாகப் பொருந்தும் கணக்கு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

மங்கல் வெளிச்சத்தை விட எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. அந்த வயரில் சூடாக மாறுவது 420 வாட்டுக்கு மேல். 70 மீட்டர் நீளத்தில் விரித்துக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும். ஆனால் படத்தில் மிச்ச வயரை உருளையில் சுற்றியபடியே பந்தல் துணிக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். சுற்றிய வயருக்கு ஆற இடமில்லை, உள் சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஷார்ட்தான். அடுத்த முறை உருளையில் ஒரு சுற்றுக்கூட விடாமல் முழுக்க அவிழ்த்து விரியுங்கள்.

வயரை நான்கு சதுர மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். நீளம் அதேதான், கனம் நான்கு மடங்கு, தடை நான்கில் ஒன்று. வீழ்ச்சி எட்டு வோல்ட் சொச்சம், பந்தலில் 221 கிடைக்கும். காசு அதிகம் என்று யாராவது சொன்னால், கரகத்துக்கும் தீமிதிக்கும் வருகிற கூட்டத்தின் நடுவில் எரியப்போவது எது என்று கேளுங்கள்.

இதே கணக்குத்தான் நாட்டுக்கும். காயா மாநிலத்தில் லோபிட்டா அருவி நீரில் ஓடும் மின்நிலையம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நஷ்ட ஈடாகக் கட்டிக் கொடுத்தது, 1960-இல் ஓட ஆரம்பித்தது, பிறகு பெரிதாக்கி 168 மெகாவாட் ஆனது. அங்கிருந்து ரங்கூனுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் கனத்தில் கம்பி போட்டாலும் 230 வோல்ட்டில் அனுப்ப முடியாது, எல்லாம் வழியிலேயே சூடாகிவிடும். அதனால் 2,30,000 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். வோல்ட்டை ஆயிரம் மடங்கு ஏற்றினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஆயிரத்தில் ஒன்று போதும், கம்பியில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். வாளி பெரிதானால் ஆள் குறைவு, ஆள் குறைந்தால் இடிபாடு குறைவு.

"பேரன் வாங்கிய பவர் பேங்கில் 20,000 என்று போட்டிருக்கிறது. என் இன்வெர்ட்டர் பேட்டரியில் வெறும் 100. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? அப்புறம், மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி ஃபேனைப் போட்டால் ஏன் கால் மணியில் உட்கார்ந்துவிடுகிறது?" – ஒரு அண்ணன், தாட்டோன்

அண்ணே, அது 20,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 20 ஆம்பியர்-மணி, அதுவும் உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டில். ஆற்றல் வேண்டுமானால் வோல்ட்டால் பெருக்க வேண்டும்: 74 வாட்-மணி. உங்களுடையது 12 × 100 = 1,200 வாட்-மணி, ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பதினாறு பவர் பேங்க் சேர்ந்தால் உங்கள் ஒரு பேட்டரி. ஏமாற்றவில்லை.

ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், ஆக 600 என்று எண்ணுங்கள். இன்வெர்ட்டரில் கொஞ்சம் போய் 500 சொச்சம் கையில் நிற்கும். 50 வாட் ஃபேன், 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, வைஃபை பெட்டி 10 வாட், மொத்தம் 78. நல்ல பேட்டரி ஆறு மணி நேரத்துக்கு மேல் தர வேண்டும்.

உங்களுடையது கால் மணியில் உட்காருகிறது என்றால் பேட்டரி உள்ளே போய்விட்டது. 12.6 என்பது பாரம் இல்லாதபோது எடுத்த அளவு, அப்போது கரண்ட் ஓடவில்லை, அதனால் சிந்தலும் இல்லை. பழைய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் உறைந்து, வேலை செய்கிற தகட்டின் பரப்பு சுருங்கி, உள் தடை ஏறிவிடும். புதிதில் 0.01 ஓம் போல இருந்தது 0.2 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள், 8 ஆம்பியர் எடுத்ததும் 1.6 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே காலி, வெளியே 11 வோல்ட்தான், இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். இனி அளக்கும்போது ஃபேன் ஓடும்போதே அளந்து பாருங்கள். பாரத்தோடு அளந்த வோல்ட்தான் பேட்டரியின் உண்மையான நிலை.

கடைசியில் இன்னொன்று. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று பேட்டரி முனைகளோடு விளையாட வேண்டாம். காய்ந்த தோலின் தடை பெரிது, அதனால் 12 வோல்ட் உடம்புக்குள் கரண்ட்டைத் தள்ள முடியாது, அது சரி. ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் அங்கே தோல் இல்லை, இரும்பும் தங்கமும்தான், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து மோதிரம் விரலோடு சேர்ந்து சிவக்கும். வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

"கெட்டில் போடும்போது பிளக் கை வைக்க முடியாத சூடு. ஒரு கால் பழுப்பாகிவிட்டது. ஆனால் தண்ணீர் நன்றாகக் கொதிக்கிறது, பிரேக்கரும் விழவில்லை. அப்படியே விடலாமா?" – ஒரு அம்மா, ரங்கூன்

விடாதீர்கள் அம்மா. மற்ற ஐந்து கடிதங்களும் நாளைக்கு இருக்கலாம், உங்களுடையது இன்றைக்கே.

அந்தப் பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பான காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் லேசாகப் பளபளத்து, நுனியில் கரும்புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளில் மட்டும்தான் சாக்கெட்டின் பித்தளை உங்கள் பிளக்கைத் தொடுகிறது, மற்ற இடத்தில் காற்று. நம் வீடுகளில் உருண்டைக் கால், தட்டைக் கால், மூன்று கால் எல்லாம் நுழைகிற சாக்கெட்தான் அதிகம். எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற சாக்கெட் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை.

2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்தத் தளர்ந்த இடத்தின் தடை அரை ஓம் இருந்தால் போதும், 8.7 × 8.7 × 0.5, 38 வாட் அங்கே சூடாகும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் இரும்பு ஏறத்தாழ அவ்வளவுதான். அது உங்கள் பிளக்குக்குள், பட்டாணி அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கெட்டிலுக்குக் குறைந்தது நான்கு வோல்ட் சொச்சம், அதற்குத் தெரியவே தெரியாது, தண்ணீர் வழக்கம் போலக் கொதிக்கும். பிரேக்கர் ஏன் விழவில்லை? அது பார்ப்பது கரண்ட் கூடுகிறதா என்பதை. இங்கே தடை கூடியதால் கரண்ட் ஒரு நூல் குறைந்துதான் போயிருக்கிறது. அதன் கண்ணுக்கு எல்லாம் நலம்.

சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் ஏறும். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டிப் பிளக் இப்படித்தான் போனது. அம்மா துணி தேய்க்கும்போதெல்லாம் மீன் நாற்றம் வரும், பக்கத்து வீட்டில் ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வதக்குகிறார்கள் என்றே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். சூடேறிய பிளக் பிளாஸ்டிக் சில வகைகளில் அப்படி நாறும் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த மரப் பலகை புகைந்தது. அப்போது அம்மா வீட்டில் இருந்தார், தூங்கவில்லை, அதனால் வீடு தப்பியது.

மெயினை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக விடாதீர்கள், சாக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் சூடுபட்ட பித்தளை ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கும், புதுப் பிளக்கையும் அது அதே போலத்தான் எரிக்கும். சாக்கெட்டுக்குப் பின்னால் வயர் நுழைகிற திருகுகளையும் அவர் உங்கள் முன்னாலேயே இறுக்கட்டும். மாற்றிய பின் கெட்டிலைப் போட்டுத் தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சரி.